கோவல் இடைகழி: முதலாழ்வார் சந்திப்பு மரபின் உருவாக்கம்

முன்னுரை

ஒருவரையொருவர் முன்பின் அறியாத மூவர், ஒரு மழையிரவில், தத்தம் ஊர்களுக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினர் என்பதும், அவ்விருளில் நான்காவதாக வந்து நெருக்கியவர் யாரென அறியாது திகைத்தனர் என்பதும், அத்திகைப்பிலிருந்தே திவ்வியப் பிரபந்தத்தின் முதல் மூன்று திருவந்தாதிகள் தோன்றின என்பதும் தமிழ் வைணவ மரபு போற்றும் செய்திகளாகும். பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் சமகாலத்தவர் என்று இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் எழுதுவதற்கு இம்மரபே பெரிதும் அடிப்படையாக உள்ளது. ஆயின் இம்மரபு எச்சான்றின் மீது நிற்கிறது, எக்காலத்தில் இன்றைய வடிவத்தைப் பெற்றது என்னும் வினாக்கள் தனியே எழுப்பப்பட வேண்டியவை. ஒரு சமயக் கதையை மெய்யென்று ஏற்பதும் பொய்யென்று தள்ளுவதும் வரலாற்றாய்வின் பணி அல்ல. அக்கதை எதைக் கொண்டு, எவரால், எதன்பொருட்டுக் கட்டப்பட்டது என்பதைக் காண்பதே அதன் பணி. அந்நோக்கில் திருக்கோவலூர் இடைகழி மரபின் படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபு கூறும் நிகழ்ச்சி

நம்பிள்ளையின் மாணாக்கரான பின்பழகிய பெருமாள் ஜீயர் இயற்றிய ஆறாயிரப்படி குருபரம்பரைப் பிரபாவம் முதலிய நூல்களின் வழியே இக்கதை பரவியது. மூவரும் ஐப்பசித் திங்களில் திருவோணம், அவிட்டம், சதயம் என அடுத்தடுத்த நாண்மீன்களில் தோன்றியவர்கள். பொய்கையார் காஞ்சியின் திருவெஃகாவில் பொய்கைத் தாமரையிலும், பூதத்தார் கடல்மல்லையில் குருக்கத்தி மலரிலும், பேயார் மயிலையில் செவ்வல்லி மலரிலும் பிறந்தவராகக் கூறப்படுகின்றனர். மூன்றும் தொண்டை நாட்டு ஊர்கள். ஆனால் அவர்கள் சந்தித்ததோ நடுநாட்டில், பெண்ணையாற்றங்கரைக் கோவலூரில்.

இருளும் மழையும் சூழ்ந்த ஓர் இரவில் முதலில் வந்தவர் மிருகண்டு முனிவரின் இருப்பிடத்து இடைகழியில் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்து இடம் கேட்டபோது, ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் எனக் கூறி எழுந்து அமர்ந்தார். மூன்றாமவர் வந்தபோது, இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என எல்லோரும் எழுந்து நின்றனர். அதன் பின்னர், கதவு திறந்த ஓசையும் வந்தவர் குரலும் இன்றியே, நான்காவது ஒருவர் நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். நெருக்குபவர் யார் என்பதை அறிய விளக்கு வேண்டியதாயிற்று. பொய்கையார் பாட்டால் ஒரு விளக்கை ஏற்றினார். பூதத்தார் மற்றொன்றை ஏற்றினார். அவ்வொளியில் பேயார் கண்டார். கண்டது திருமகளோடு நின்ற திருமாலை.

இக்கதையில் வியப்பிற்குரியது, மூவருள் எவரும் எவரையும் குலமும் ஊரும் கேட்டு இடம் தரவில்லை என்பதாகும். கேட்கப்பட்டது இடம் ஒன்றே. இருந்த இடம் பகிரப்பட்டது. கதையின் மையம் அப்பகிர்வில் உள்ளது.

இடைகழி: சொல்லும் இடமும்

தமிழ்நாட்டு மரபு வீட்டமைப்பில் தெருவை ஒட்டியது திண்ணை. வாயிற்கதவைக் கடந்து முற்றத்தை அடையும் முன் உள்ள குறுகிய நடைவழி இடைகழி. இடையே கழிந்து செல்லும் வழி என்பது அதன் பொருள். அண்மைக் காலம் வரை வீடுகளில் வழங்கிவந்த ‘ரேழி’ என்னும் சொல் இதன் திரிபே. வடமொழியில் இதற்கு நிகராகத் ‘தேகளி’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டே கோவலூர்ப் பெருமானைத் தேகளீசன் என வழங்கினர்.

திண்ணை வழிப்போக்கர்க்கு உரியது. உள்வீடு குடும்பத்தார்க்கு உரியது. இடைகழியோ இரண்டிற்கும் இடைப்பட்டது. அங்கு நிற்பவர் தெருவிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. விருந்தினராக ஏற்கப்பட்டவரும் அல்லர், விலக்கப்பட்டவரும் அல்லர். உரிமையும் உறவும் வரையறுக்கப்படாத இத்தகைய இடத்தில்தான் அறியாதவர்கள் ஒருவரோடொருவர் சமமாக நிற்க இயலும். கோயிற் கருவறையையோ ஆற்றங்கரையையோ அரசவையையோ கொள்ளாது இடைகழியை இம்மரபு தன் களமாகக் கொண்டதன் காரணத்தைப் பொய்கையாரின் பாடல்களிலேயே காணலாம்.

பொய்கையாரின் இரு வெண்பாக்கள்

முதல் திருவந்தாதியின் 86ஆம் வெண்பா இவ்வாய்வின் முதன்மைச் சான்றாகும். குன்றை எடுத்துப் பொழியும் மழையைத் தடுத்தவனை முன்னிலைப்படுத்தும் அப்பாடல், அவனும் திருமகளும் வாயிலுக்கு வெளியே செல்லாமலும் உள்ளே புகாமலும் அழகிய கோவலின் இடைகழியையே பற்றி நிற்பதாகக் கூறுகிறது. இதில் வழிப்போக்கர் மூவர் இல்லை, இரவு இல்லை, நெருக்கம் இல்லை, விளக்கும் இல்லை. எனினும் பிற்காலக் கதைக்கு வேண்டிய உறுப்புகளுள் மழை, வாயில், இடைகழி, நின்ற நிலை, திருமகளுடன் கூடிய காட்சி ஆகிய ஐந்தும் இந்நான்கு அடிகளில் உள்ளன. பாடலிலுள்ள மழை ஆயர்பாடியில் பெய்த மழை. அது ஆயரும் ஆநிரையும் ஒரு குன்றின் கீழ் ஒருங்கே ஒதுங்க நேர்ந்த மழை. கதையில் அது கோவலூரில் பெய்கிறது. குன்றின் கீழ் ஒதுங்கிய ஆயர்களின் இடத்தில் இடைகழியில் ஒதுங்கிய அடியார்கள் வருகின்றனர். பழைய இடர் ஒன்று புதிய களத்திற்குப் பெயர்க்கப்பட்டுள்ளது எனலாம்.

இரண்டாவது சான்று 77ஆம் வெண்பா. வேங்கடம், விண்ணகர், வெஃகா, கோவல் என்னும் நான்கு தலங்களை எடுத்துரைத்து, அவற்றில் திருமால் முறையே நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் விளங்குவதை அது பாடுகிறது. கோவலுக்கு நடந்த நிலை உரியதாயிற்று. உலகளந்த திருவடிவின் தலம் ஆதலின் அது பொருந்தும். கதையிலோ ஒருவர் கிடத்தல், இருவர் இருத்தல், மூவர் நிற்றல் என்னும் மூன்று நிலைகள் வருகின்றன. தலங்கள்தோறும் இறைவனுக்குக் கூறப்பட்ட இந்நிலைகள் இடைகழியில் அடியார்களுக்கு வந்துள்ளன என்று கருத இடமுண்டு. எஞ்சிய நடத்தல் ஒன்றே நான்காமவனுக்கு உரியது. அவனே அங்கு நடந்துவந்து நுழைபவன். மூன்றடியால் உலகனைத்தையும் அளந்தவன் மூவர் நிற்கும் சிற்றிடத்தில் தனக்கும் இடம் தேடினான் என்னும் முரண் இத்தலத்தின் திருவடிவத்தோடு இயல்பாகவே இயைகிறது.

மூன்று தொடக்கங்கள்

மூன்று அந்தாதிகளும் வெண்பா யாப்பில் நூறு நூறு பாடல்களாக அமைந்தவை. முதல் திருவந்தாதியின் தொடக்கப் பாடல் நிலத்தை அகலாகவும், கடலை நெய்யாகவும், ஞாயிற்றைச் சுடராகவும் உருவகித்து, துன்பக் கடல் நீங்கும்பொருட்டுச் சொல்மாலை சூட்டியதாகக் கூறுகிறது. இரண்டாம் திருவந்தாதியின் தொடக்கப் பாடல் அன்பு, ஆர்வம், உருகும் உள்ளம் ஆகியவற்றால் அமைந்த விளக்கொன்றை ஏற்றுகிறது. மூன்றாம் திருவந்தாதியோ விளக்கைக் கூறாது கண்ட காட்சியிலிருந்தே தொடங்குகிறது. அக்காட்சியில் முதலில் காணப்படுவது திருமகள்.

முதலிரு பாடல்களும் ஒரே உருவகச் சட்டகத்தைக் கொண்டிருத்தல் தற்செயல் அன்று. ஒருவர் பாடலை மற்றவர் அறிந்தே பாடினார் என்பதை அது காட்டும். ஒன்று புறவிளக்கு, மற்றொன்று அகவிளக்கு. ஆனால் ஒரு பாடலை அறிந்திருத்தலும் அதனைப் பாடியவரை நேரிற் கண்டிருத்தலும் வேறு வேறு. மூன்றாம் அந்தாதியின் தொடக்கம் முன்னிரண்டின் விளைவாகத் தோன்றுவது, மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கும்போது மட்டுமே. அவ்வரிசையைத் தந்தவர்கள் பிரபந்தத்தைத் தொகுத்தவர்கள். ஆகவே கதையின் உட்பொறியான ‘ஏற்றினார், ஏற்றினார், கண்டார்’ என்னும் தொடர், தொகுப்பு முறையிலிருந்தே பிறந்திருக்கக் கூடும். அவ்வரிசையே ஒரு பழைய நினைவைப் பின்பற்றியது எனக் கொள்வாரும் உளர். இரண்டில் எதுவாயினும், மூன்று நூல்களையும் ஒரு நூலின் மூன்று பகுதிகளாகப் படிக்கும் வழக்கம் கதைக்கு இன்றியமையாதது என்பது தெளிவு.

சான்றுகளின் கால வரிசை

இம்மரபின் வளர்ச்சியைக் காலமுறைப்படி வகுத்துக் காணின் நான்கு படிநிலைகள் புலப்படும்.

முதற்படி, பாடல்களே. பொய்கையார் மேற்கூறிய இரு வெண்பாக்களில் கோவலைப் பாடியுள்ளார். பூதத்தார் இரண்டாம் திருவந்தாதியின் 70ஆம் பாடலில் மாமல்லை முதலிய தலங்களோடு கோவலையும் சேர்த்து எண்ணுகிறார். கோவலூரை மங்களாசாசனம் செய்தோராக மரபு எண்ணுவது பொய்கையார், பூதத்தார், திருமங்கையாழ்வார் ஆகியோரையே. பேயாழ்வார் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. காட்சியைக் கண்டவராகக் கதை கூறும் ஒருவரின் பாடலில் அக்காட்சியின் தலம் சுட்டப்படாமை நோக்கத்தக்கது. பெரிய திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் கோவலூருக்கு வழங்கிய திருமங்கையாழ்வாரும், அங்குத் தாம் கண்டதைப் பாடுகிறாரேயன்றித் தமக்கு முன் மூவர் கண்டதைப் பெயர்சுட்டிப் பாடவில்லை.

இரண்டாம் படி, தனியன்கள். மூன்றாம் திருவந்தாதிக்குரிய தனியன், பேயார் திருக்கோவலூரில் இறைவனைக் காணப் புகுந்து திருவைக் கண்டதாக உரைத்தார் எனத் தெளிவாகக் கூறுகிறது. பாடலில் இல்லாத ஊர்ப்பெயர் தனியனில் வந்து சேர்கிறது. இதனை இயற்றியவர் நாதமுனிகளின் மாணாக்கரான குருகைக் காவலப்பன் என்பது மரபு. அது கொள்ளத்தக்கதாயின், பிரபந்தத் தொகுப்பு நிகழ்ந்த தலைமுறையை ஒட்டியே பேயாரும் கோவலூரும் இணைக்கப்பட்டுவிட்டனர் எனலாம். தொகுப்பும் கதையும் உடன்வளர்ந்தவை என்னும் மேற்கருத்திற்கு இது அரண் செய்கிறது.

மூன்றாம் படி, கல்வெட்டு. இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மிலாட்டுத் தலைவன் நரசிங்கவர்மன் இக்கோயிலைச் செங்கல் தளியிலிருந்து கற்றளியாக்கிய செய்தியைக் கோவலூர்க் கல்வெட்டு தருகிறது. அக்கல்வெட்டில் இறைவனுக்கு வழங்கும் பெயர் திருவிடைகழி ஆழ்வார் என்பது. ஆழ்வார் என்னும் சொல் சோழர் காலத்தில் இறைவனைக் குறித்தும் வழங்கியது. உலகளந்த பெருமான் என்னும் திருவடிவப் பெயரினும் இடைகழி என்னும் இடப்பெயரே அரசு ஆவணத்தில் ஏறுமளவு ஊன்றியிருந்தது என்பது இதனால் பெறப்படும். கவிஞர் ஒருவர் கையாண்ட சொல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் ஒரு கோயிலின் பெயராயிற்று. அல்லது கோயிலுக்கு முன்பே இருந்த பெயரைக் கவிஞர் கையாண்டார். பாடலில் அச்சொல் விளக்கமின்றி ஆளப்படுதலை நோக்க, பின்னதற்கும் இடமுண்டு.

நான்காம் படி, திருவரங்கத்தமுதனாரின் இராமானுச நூற்றந்தாதியும் அதன் பின் வந்த குருபரம்பரை நூல்களும். 12ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நூற்றந்தாதியின் 8, 9, 10ஆம் பாடல்கள் மூவரையும் வரிசையாகப் போற்றுகின்றன. பொய்கையார் மறைப்பொருளையும் தமிழையும் திரியாகச் சேர்த்துப் புறஇருளை நீக்கினார். பூதத்தார் ஞான விளக்கால் இதயத்து இருளை நீக்கினார். இருள் அழிந்தபின் கோவலில் திருமகளோடு ஆயனைக் கண்டதைப் பேயார் காட்டினார். இப்பாடல்களில் விளக்கும் இருளும் கோவலும் காட்சியும் ஒரே தொடராகிவிட்டன. மூவரும் ஒருவரையொருவர் நெருக்கி நின்றமை மட்டும் இங்குச் சொல்லப்படவில்லை. அதனை விரித்துரைப்பது குருபரம்பரை உரைநடை. அதன்பின் வேதாந்த தேசிகர் (1268–1369) தம் தேகளீச துதியில், பெண்ணைக் கரையில் விளைந்த கரும்பாக இறைவனையும், அக்கரும்பை நெருக்கிச் சாறு பிழிந்தவர்களாகக் கவிகள் மூவரையும் உருவகித்தார். வழிப்போக்கருக்கு இடராக வந்த நெருக்கம், இங்கே இறைவன் தானே விரும்பித் தேடிய நெருக்கமாகிவிடுகிறது. கதையின் அச்சம் முற்றிலும் மறைந்து சுவையாக மாறிய இடம் இதுவே.

காலக்கணிப்பில் இம்மரபு

பூதத்தார் பாடலிலுள்ள மாமல்லை என்னும் ஊர்ப்பெயரை, மாமல்லன் என்னும் பட்டம் பூண்ட முதலாம் நரசிம்மவர்ம பல்லவனோடு தொடர்புபடுத்தி, அவரை 7ஆம் நூற்றாண்டினராகக் கொள்வோர் உளர். மல்லை என்னும் பெயர் அவ்வரசனுக்கு முற்பட்டதாகலாம் என மறுப்போரும் உளர். இவ்விவாதம் பூதத்தாருக்கு மட்டும் உரியது. ஆனால் மூவரும் ஓரிரவில் சந்தித்தனர் என்னும் மரபைத் துணைக்கொண்டு ஒருவரின் காலம் மற்ற இருவருக்கும் வழங்கப்பட்டுவிடுகிறது. பொய்கையாழ்வாரைச் சங்கப் புலவர் பொய்கையாரோடு ஒன்றாகக் கொள்ள முயன்றவர்கள், அதே மரபைக் கொண்டு ஏனைய இருவரையும் சங்க காலத்தை நோக்கி இழுத்துச் சென்றனர். ஒரே கதை எதிரெதிரான இரு முடிவுகளுக்கும் துணைபோயிற்று. இரு தரப்பிற்கும் ஒருங்கே துணைபோகும் சான்று எத்தரப்பையும் நிறுவப் போதாது.

யாப்பும் உருவகமும் மொழிநடையும் மூன்று அந்தாதிகளும் அணுக்கமான காலத்தவை என்பதைக் காட்டுகின்றன. அம்மட்டில் மரபு பிழைபட்டது அன்று. ஆயினும் வெண்பா அந்தாதி வடிவம் வைணவத்திற்கு மட்டும் உரியது அன்று. காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியும் அவ்வடிவினதே. வடிவ ஒற்றுமை ஒரு காலப்பகுதியைச் சுட்டுமேயன்றி ஒரு சந்திப்பைச் சுட்டாது. பாடல்களின் அகச்சான்றால் காலத்தைத் துணிந்து, அத்துணிபின் வெளிச்சத்தில் கதையைப் பார்ப்பதே முறை. கதையின் வெளிச்சத்தில் பாடல்களின் காலத்தைத் துணிவது முறையாகாது.

அதே ஊர், மற்றொரு வாயில்

கோவலூர் வந்தேறிகளின் நினைவுகள் செறிந்த ஊர். பாரியின் மறைவிற்குப் பின் அவன் மகளிரோடு கபிலர் வந்து சேர்ந்ததும் இவ்வூரைச் சூழ்ந்த மலையமான் நாட்டிற்கே. சைவ மரபில் இவ்வூருக்கு உரிய கதையும் இரவில் வாயிலுக்கு வரும் அறியாதவன் ஒருவனைப் பற்றியதாக இருப்பது இங்கு ஒப்பிடத்தக்கது. கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் வேடத்தில் இரவில் அரண்மனைக்கு வருகிறான். அரசன் துயிலும் நேரம் எனக் கடைவாயிலில் தத்தன் தடுக்கிறான். அவனையும் கடந்து சென்று, சுவடியில் மறைத்த கருவியால் வந்தவன் அரசனைக் குத்துகிறான். அரசனோ, வேடத்தின் மதிப்பை எண்ணி, கொன்றவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு தத்தனை ஏவுகிறான். சேக்கிழார் இதனைப் பாடிய 12ஆம் நூற்றாண்டு, நூற்றந்தாதி எழுந்த நூற்றாண்டும் ஆகும்.

இரு கதைகளும் ஒரே ஊரின் ஒரே அச்சத்திலிருந்து எழுகின்றன. இருளில் வந்து நிற்பவன் யார் என்பதே அவ்வச்சம். சைவக் கதையில் வாயிற்காவலன் இருக்கிறான்; ஐயம் இருக்கிறது; அந்த ஐயம் மெய்யாகிறது. வந்தவன் அணிந்த அடையாளம் நன்கு தெரிகிறது. அவன் உள்ளம் தெரியவில்லை. வைணவக் கதையில் காவலன் இல்லை, அடையாளம் எதுவும் தெரியாத இருள், வந்தவன் இறைவன். முடிவில் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே அறத்தை வற்புறுத்துகின்றன. வந்தவனை ஏற்பதன் விளைவு அவன் நல்லவனாயிருப்பதைப் பொறுத்தது அன்று என்பதே அவ்வறம். மெய்ப்பொருளார் அதற்காக உயிரைத் தந்தார். இடைகழியில் நின்றோர் படுக்கையைத் தந்தனர். இவற்றுள் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுந்தது என்று கூறச் சான்றில்லை. ஆனால் சமய எல்லைகளைக் கடந்து ஓர் ஊரின் நினைவு எதைப் பற்றிச் சுழன்றது என்பதை இவை இரண்டும் சேர்ந்தே காட்டுகின்றன.

முடிவுரை

கோவல் இடைகழிச் சந்திப்பு ஒரு குறிப்பிட்ட இரவின் வரலாறாக நிறுவத்தக்கது அன்று. பொய்கையாரின் இரு வெண்பாக்கள் தந்த இடமும் மழையும் நிலைகளும், மூன்று தொடக்கப் பாடல்களின் விளக்கும் காட்சியும், தொகுப்பு தந்த வரிசையும் சேர்ந்து தனியன் முதல் தேசிகர் வரை படிப்படியாக உருப்பெற்ற மரபு அது. மூவரின் சமகாலத்தன்மைக்கு இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளுதல் இனித் தவிர்க்கப்பட வேண்டும்.

எனினும் மரபு உருவான முறை தெளிவதால் அதன் மதிப்புக் குறைவதில்லை. தொண்டை நாட்டு ஊர் மூன்றில் தனித்தனியே வழங்கிய மூன்று நூல்களை ஒரு சமூகம் தன் முதல் நூல்களாக ஒன்றிணைக்க வேண்டியிருந்தது. அவ்விணைப்பை அது அரசாணையாலோ வாதப் போராலோ குருவின் கட்டளையாலோ நிகழ்ந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆசிரியர் வழிமுறையைப் பிற்காலத்தில் அத்துணைக் கருத்தோடு பேணிய சமயம், தன் தொடக்கத்தை மட்டும் குலமும் குடியும் கூறப்படாத, மலரில் பிறந்தவராகச் சொல்லப்பட்ட மூவரிடம் விட்டது. அவர்களை ஒன்றுசேர்க்க அது தேர்ந்த இடம், எவருக்கும் உரிமையற்ற ஒரு நடைவழி. ஒருவர் எழுந்து அமர்ந்தமையால் இருவர்க்கும், இருவர் எழுந்து நின்றமையால் மூவர்க்கும் அங்கு இடம் கிடைத்தது. மூவரும் நின்றபின்னரே நான்காமவன் வந்தான் என்னும் வரிசையில், தமிழ் வைணவம் தன் தோற்றத்தைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் பதிவாகியுள்ளது. இம்மரபின் வரலாற்று மதிப்பு அதுவே.